குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது: பிரஷர் கூடியா, குறைந்தா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறோம். நாலு வருடமாகப் பிரஷருக்குக் குளிசை போடுகிறார், சீனி வருத்தமும் இருக்கிறது. குனிந்து புல்லுப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். போன மாதம் விடியப்புறம் எழும்பிக் கிணற்றடிக்குப் போகும்போது விழுந்துவிட்டார். ஆனால் கிளினிக்கில் அளந்தால் 150/90. இது பிரஷர் கூடி வருகிற தலைச்சுற்றா, குறைந்து வருகிறதா? குளிசையை நிற்பாட்டிப் பார்க்கலாமா?

பதில்: குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிற நாட்களில்தான் பலர் அதைச் செய்துவிடுகிறார்கள். அட்டெனோலோல், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மேலே பாயும்.

கூடியா, குறைந்தா என்றால், ஒரே ஆளுக்கு ஒரே காலையில் இரண்டும் நடக்கலாம். இருக்கும்போது 150 காட்டும் பிரஷர், எழும்பி நின்ற ஒரு நிமிடத்தில் 120க்கு இறங்கலாம். கிளினிக்கில் கதிரையில் இருத்தித்தான் அளக்கிறார்கள். அப்பா விழுந்ததோ நின்றபோது. அவர் நிற்கும்போது பிரஷர் எவ்வளவு என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது.

எழும்பி நின்றதும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அரை லீற்றருக்குக் குறையாத குருதி நெஞ்சுப் பக்கத்திலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோலத்தான். இதயத்துக்குத் திரும்பி வரும் குருதி குறைகிறது, இதயம் வெளியே தள்ளுவதும் குறைகிறது, அமுக்கம் விழுகிறது. அப்படியே விட்டால் நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் படுக்கையடியிலேயே மயங்கி விழவேண்டும். விழாமல் பார்த்துக்கொள்வது கழுத்தில் இருக்கும் ஒரு சின்ன இடம்.

குரல்வளைக்குப் பக்கத்தில், தாடைக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். அது சிரசு நாடி. அது இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் சற்றுப் புடைத்திருக்கும். அங்கேயும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் நரம்பு நுனிகள் சுவருக்குள் பின்னிக் கிடக்கின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றை அமுக்க வாங்கிகள் என்று படித்திருப்பீர்கள். பெயர் அப்படி இருந்தாலும் இவை அமுக்கத்தை நேராக அளப்பதில்லை. சைக்கிள் ரியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பம்ப் அடித்துப் பாருங்கள். உள்ளே எவ்வளவு காற்று என்று உள்ளங்கைக்குத் தெரியாது, ரியூப் எவ்வளவு புடைக்கிறது என்றுதான் தெரியும். இந்த நரம்பு நுனிகள் உணர்வதும் அதைத்தான், நாடியின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை.

இழுபடுவதை எந்தப் புரதம் உணர்கிறது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. பீசோ 1, பீசோ 2 என்ற இரண்டு புரதங்களையும் எலிகளின் அந்த நரம்புகளிலிருந்து நீக்கினால் பிரஷரைச் சமப்படுத்தும் இந்த ஒழுங்கே அற்றுப் போகிறது என்று 2018இல் காட்டினார்கள். பீசோக்களைக் கண்டுபிடித்ததற்காக 2021இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் ஆர்டெம் பட்டாபூட்டியன். பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்து, பதின்ம வயது முடியுமுன் ஊரை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். விஷயத்துக்குத் தேவையில்லாத தகவல்தான், ஆனாலும் வன்னியில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

சரி, செய்தி மூளைக்குப் போகும் விதத்துக்கு வருவோம். அமுக்கம் குறைந்தால் இந்த நரம்புகள் அபாயம் அபாயம் என்று கத்தும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் சீராகக் கேட்கும்வரை வீட்டில் இருப்பவர் எழும்பமாட்டார். சத்தம் இறங்கினால்தான் என்ன நடந்தது என்று ஓடுவார். அமுக்க வாங்கிகளும் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளையின் அடித்தண்டுக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நாம் எழும்பியதும் கழுத்து நாடி தளர்கிறது, செய்தி குறைகிறது. அந்த அமைதிதான் மூளைக்கு எச்சரிக்கை.

உடனே இரண்டு வேலை நடக்கும். இதயத்துக்கு பிரேக் போல இருக்கும் வேகஸ் நரம்பு தளர்கிறது. இது ஓரிரு துடிப்புக்குள் நடந்துவிடும், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 10, 20 கூடும். இரண்டாவது, கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்புகள் வேகம் எடுக்கின்றன. இதற்குச் சில வினாடி கூடுதலாக வேண்டும். அதனால்தான் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் எழும்பிய முதல் 10 வினாடியில் பிரஷர் ஒரு பள்ளத்தில் விழுந்து, அரை நிமிடத்துக்குள் பழையபடி ஏறிவிடுகிறது. உங்களுக்கும் எப்போதாவது சட்டென்று எழும்பியபோது ஒரு கணம் கண் மங்கியிருக்கும்.

அப்பாவுக்கு இது ஏன் பிசகுகிறது? வயது போனால் நாடிச் சுவர் விறைத்துவிடும். பழைய ரப்பர் காய்ந்து இறுகினால் எவ்வளவு காற்றடித்தாலும் கைக்குப் புடைப்புத் தெரியாதல்லவா? அமுக்கம் மாறுகிறது, சுவர் அசைவதில்லை, வாங்கிக்கு அது தெரிய வருவதில்லை. சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் செய்தி கொண்டுபோகும் நரம்புகளும், குழாய்களை இறுக்கும் நரம்புகளும் பழுதாகின்றன. அதற்கு மேலே பிரஷர் குளிசைகள் வேறு. பல குளிசைகள் வேலை செய்வதே குழாய்களைத் தளர்த்தித்தான். நாம் இறுக்கவேண்டிய நேரத்தில் அவை விடுவதில்லை.

வயலில் இன்னொன்று சேர்கிறது. இதைக் கிளினிக்கில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நாரியை மடித்துத் தலையைத் தொங்கவிட்டுப் புல்லுப் பிடுங்கும்போது கழுத்து இதயத்தைவிடத் தாழ்ந்து போகிறது. கழுத்து நாடியில் குருதி நிரம்பி நிற்கிறது. அமுக்க வாங்கிகள் அதைப் பார்த்து, பிரஷர் கூடிவிட்டது என்று மூளைக்குச் சொல்கின்றன. மூளை இதயத்தை மெதுவாக்குகிறது, குழாய்களைத் தளர்த்துகிறது. இந்த நிலையில் அப்பா நாரி பிடிக்கிறதென்று சட்டென நிமிர்கிறார். ஒரு வினாடியில் கழுத்து மேலே, குருதி கீழே. பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இன்னும் நேரம் வரவில்லை. அதோடு சோளகம் வீசும் மாதத்து வெயில்: உடம்பைக் குளிராக்கத் தோலுக்குப் போகும் குழாய்கள் ஏற்கனவே விரிந்து கிடக்கின்றன, வியர்வையாக நீர் போயிருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்ச் சனத்துக்குள் அசையாமல் நின்று மயங்குகிறவர்களிடமும் பாதிக் கதை இதுதான். அங்கே கெண்டைக்கால் தசை அசையாததால் காலில் இறங்கிய குருதியை மேலே பிழிந்து தள்ள ஆள் இல்லை.

இந்த வாங்கிகள் இவ்வளவு கவனமாகப் பார்த்தும் ஏன் 150ஐக் குறைக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரஷர் சில நாட்கள் தொடர்ந்து உயர்ந்தே நின்றால், அதுதான் சரியான அளவு என்று இவை ஏற்றுக்கொண்டுவிடும். அதன் பிறகு 150ஐத்தான் காவல் காக்கும். 1973இல் அமெரிக்காவில் ஆதர் கைற்றன் என்ற உடற்றொழிலியல் ஆய்வாளரின் குழுவினர் நாய்களில் இந்த நரம்புகளை வெட்டிவிட்டு இரவு பகலாக அமுக்கத்தைப் பதிந்தார்கள். சராசரி பெரிதாக உயரவில்லை, ஆனால் எழும்ப, படுக்க, குரைக்க எல்லாம் அது மேலும் கீழும் தாறுமாறாக ஆடியது. ஆக, இவை வினாடிக் கணக்கு பார்ப்பவை. மாதக் கணக்கில் அளவைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, உப்பையும் நீரையும் கட்டுப்படுத்தும் சிறுநீரகத்துக்கு.

"எனக்கு 150இல் இருந்தால்தான் உடம்பு சுகம், குறைத்தால் தலை சுற்றுது" என்று சொல்லும் ஆட்களைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குளிசை தொடங்கிய முதல் கிழமைகளில் வாங்கிகள் இன்னும் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாகக் குறைத்தால் அவையும் மெதுவாக இறங்கி வரும். அதற்காக 150இலேயே விட்டுவிடவும் முடியாது, பாரிசவாதம் அந்த வழியாகத்தான் வருகிறது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. மேல் கையில் கட்டும் மிசின் ஒன்று வீட்டிலோ அயலிலோ இருந்தால், விடிய எழும்புமுன் அப்பாவைப் படுத்தபடியே 5 நிமிடம் இருக்கவிட்டு அளவுங்கள். பிறகு எழும்பி நிற்கச் சொல்லி 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளவுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். மேல் இலக்கம் 20 அல்லது கீழ் இலக்கம் 10 குறைந்தால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று உறுதி. நாடித் துடிப்பையும் எழுதுங்கள். டொக்டருக்கு அது பெரிய துப்பு. பிரஷர் விழும்போது துடிப்பு நன்றாக ஏறினால் உடம்பில் நீரோ குருதியோ குறைவாக இருக்கலாம். ஏறாமல் நின்றால் நரம்புப் பழுதைப் பார்க்கவேண்டும், அல்லது துடிப்பைக் குறைக்கும் குளிசையைப் பார்க்கவேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். மூன்று நாலு காலையும், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தும் பாருங்கள். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் குருதி குடலுக்குப் போய், முதியவர்களுக்குப் பிரஷர் அந்த நேரமும் இறங்குவதுண்டு.

மிசின் இல்லையா? கிளினிக்கில், "நிற்கவைத்தும் ஒருக்கா பாருங்கோ" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நானும் கூட்டமான கிளினிக் நாளொன்றில் ஒரு வயதான அம்மாவுக்கு இருத்தி மட்டும் அளந்து குளிசையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை அவர் கை முறிந்து கட்டுப் போட்டபடி வந்தார். அதிலிருந்து, விழுந்தேன் என்று சொல்லும் யாரையும் நிற்கவைக்காமல் விடுவதில்லை. இன்னொன்று, பஸ்ஸில் வந்து வரிசையில் நின்று உடனே அளந்த 150ஐ அப்படியே நம்பவும் முடியாது. 5 நிமிடம் பேசாமல் இருந்த பிறகு வரும் இலக்கம்தான் கணக்கு.

போகும்போது கொப்பியோடு எல்லாக் குளிசைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் பிராசோசின், சிறுநீர் போக்கும் குளிசைகள், புரஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், நித்திரைக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இந்த விழுதலை அதிகமாக்கும். பல வேளைகளில் நேரத்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ, ஒன்றுக்குப் பதில் வேறொன்று தந்தாலோ போதும்.

அதுவரை, படுக்கையிலிருந்து எழும்பும்போது விளிம்பில் ஒரு நிமிடம் இருந்து, குதிக்காலைப் பத்து முறை தூக்கிப் போட்டுவிட்டு எழும்பட்டும். அதற்கு முன் இரண்டு கோப்பை தண்ணீர் மடமடவென்று குடித்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு இது பொருந்தாது, உப்பைக் கூட்டுவதும் அப்படியே. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் கூடுதலாக இருக்கும் ஊர்களில் இதைக் கேட்காமல் செய்யவே கூடாது. வயலில் புல்லுப் பிடுங்குவதை நாரியை மடித்துச் செய்யாமல் குந்தியிருந்து செய்யட்டும். நிமிரும்போது முதலில் தலையை உயர்த்தி, ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு மூச்சு விட்டுப் பிறகு எழும்பட்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது இன்னும் நல்லது. பின்னேரம் கள்ளுக் குடிக்கும் பழக்கம் இருந்தால், அதுவும் குழாய்களைத் தளர்த்தும் என்று சொல்லி வையுங்கள்.

கண் இருட்டத் தொடங்கினால் சமாளித்து நடக்கப் பார்க்க வேண்டாம். அந்த இடத்திலேயே குந்தட்டும், சேறானாலும் சரி. குந்த முடியாவிட்டால் காலைப் பின்னித் தொடையை இறுக்கட்டும். கழுத்தை மட்டும் பிடித்துவிடாதீர்கள். வயதானவர்களின் சிரசு நாடியை அமுக்கித் தேய்த்தால் இதயம் சில வினாடி நின்றே போகலாம்.

உண்மையாக மயங்கினால், நெஞ்சு வலித்தால், துடிப்பு ஒழுங்கில்லாமல் அடித்தால், மலம் கறுப்பாகப் போனால், வாய் கோணி ஒரு பக்கக் கை சோர்ந்தால், விழுந்து தலை அடிபட்டால் இந்த விளக்கம் எதையும் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். மற்றபடி, விடியப்புறத்துக் கிணற்றடிக்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். இரவே ஒரு வாளி தண்ணீரும், குந்தியிருக்க ஒரு ஸ்டூலும் வாசலில் வைத்துவிடலாம்.