கால் நகச் சொத்தை: ஒரே நாளில் தெரிந்துவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. மருந்துக் கடையில் மூன்று மாதம் மாத்திரை போடச் சொல்கிறார்கள். லேபில் கேட்டால் கல்ச்சர் (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர நான்கு வாரம் ஆகுமாம். இது பூஞ்சைதானா என்று உடனே தெரிகிற சோதனை எதுவும் இல்லையா? (வாசகி, காரைக்குடி)

இருக்கிறது. அதுவும் பழைய சோதனைதான். ஒரு மைக்ரோஸ்கோப் போதும். நகத்துக்கு அடியில் மாவு மாதிரி சேர்ந்திருக்கும் பொடியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். லேபில் 'கேஓஎச்' என்று கேளுங்கள். இது வீரியமான காரம். சிமென்ட் தண்ணீரில் நாள் முழுக்க வேலை செய்தால் தோல் ஊறி அரித்துப்போகிறதே, அதுவும் காரத்தின் வேலைதான். அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். நகத்தின் செல்கள் காரத்தில் கரைந்துவிடும், பூஞ்சையின் சுவர் கரையாமல் நூல் நூலாகத் தெரியும். நகம் கெட்டி என்பதால் ஊறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனாலும் அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும்.

பதில் சரியாக இருக்குமா என்பது எடுக்கும் பொடியைப் பொறுத்தது. பலரும் நகத்தின் நுனியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் செத்த குப்பைதான் இருக்கும். உயிருள்ள பூஞ்சை உள்ளே, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் இருக்கிறது. நுனியை வெட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்திலிருந்து சுரண்ட வேண்டும். கூச்சப்படாமல் "உள்ளேயிருந்து எடுங்கள்" என்று சொல்லுங்கள். மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் அது போன பிறகு போங்கள். பூஞ்சைக் களிம்பு ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால், எத்தனை நாள் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்தால் இருக்கிற பூஞ்சையும் 'இல்லை' என்று வரும்.

கோவிட் கிட் மாதிரி கோடு விழும் பட்டைகளும் வந்திருக்கின்றன. ஜப்பானில் பயன்படுத்துகிறார்கள், கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ஆனால் படர்தாமரைக் குடும்பத்துப் பூஞ்சையை மட்டும்தான் அது பிடிக்கும். ஈரத்திலேயே கிடக்கும் கைகளில் வருகிற கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சையை விட்டுவிடும். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை ஓரிரு நாளில் பூஞ்சையின் பெயரையே சொல்லும், செலவு அதிகம். செத்த பூஞ்சைக்கும் 'இருக்கிறது' என்றுதான் சொல்லும்.

கேஓஎச்சில் 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். இன்னொரு முறை எடுக்கலாம், அல்லது வெட்டிய நகத்தைப் பயாப்சி லேபுக்கு அனுப்பி பூஞ்சையை நிறமாகக் காட்டும் 'பாஸ்' (PAS) சாயமிட்டுப் பார்க்கலாம்.

சரி, சோதனையே இல்லாமல் மாத்திரையைத் தொடங்கினால் என்ன? இப்படி மாறிப்போகும் நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சை. மீதி சொரியாசிஸ், இறுக்கமான செருப்பு, பழைய அடி. அப்பாவின் காலில் எப்போதாவது டைல்ஸ் விழுந்ததா என்று கேட்டுப் பாருங்கள். கால் நகத்துக்குப் பூஞ்சை மாத்திரையான டெர்பினஃபின் தினமும் 250 மில்லிகிராம், வழக்கமாக 12 வாரம். தொடங்கும் முன் ஈரல் ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்துக் கடைக்காரர் அதைச் சொன்னாரா?

கல்ச்சருக்கு நான்கு வாரம் காத்திருப்பதாலும் பெரிய நஷ்டமில்லை. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். மருந்து வேலை செய்தாலும் முழு நகம் புதிதாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சர்க்கரை நோய் இருந்து விரல் சிவந்து வீங்கினாலோ, நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அந்த வாரமே அழைத்துப் போங்கள்.