ஏற்றத்தில் திணறும் பிக்கப்: ஃபீட் பம்ப் போட்டால் தீருமா?

கேள்வி: ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போய் வரும் பழைய டீசல் பிக்கப் எங்களுடையது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்புவது ரோட்டரி பம்ப். திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல் வரை ஒரு குறையும் தெரியாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் இரண்டாவது கியரிலேயே இழுவை போய்விடுகிறது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஏறுகிறது. டீசல் ஃபில்டர் புதிது. டேங்கிலிருந்து டீசலை எஞ்சினுக்குத் தள்ளிக்கொடுக்க, டேங்க் பக்கம் எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் போடச் சொல்கிறார்கள். போடலாமா, என்ன அளவில்?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். நிறுத்தினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சந்தேகம் முதலில் டேங்க் மேல்தான் போகிறது. டேங்கின் அடியில் சேர்ந்த கசடு, முழு லோடில் டீசல் வேகமாக உறிஞ்சப்படும்போது உள்ளே இருக்கும் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தினால் உதிர்ந்துவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடும். நிற்கும்போது மெதுவாகக் காற்று புகுந்து சமன் ஆகிவிடும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி, டீசல் பிசுக்கோடு சேர்ந்தால் அந்தத் துளையில் சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது. அடுத்த முறை திணறும்போது மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்றை இழுத்தால் துளையைச் சுத்தம் செய்வதோடு செலவு முடிந்தது.

மூடி சரியாக இருந்தால் அடுத்து கேன் சோதனை. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பின்பாடியில் அசையாமல் கட்டுங்கள். உறிஞ்சும் ஹோஸ், மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ் இரண்டையும் அதில் விட்டு, லோடோடு ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். ரிட்டர்னை டேங்கிலேயே விட்டுவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். கேனிலிருந்து நன்றாக இழுத்தால் குறை டேங்கிலோ பைப்பிலோ இருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். கூடவே, ஃபில்டருக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி டியூபை (உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்) தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழிகள் வரிசையாக ஓடினால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்று பொருள். பெரும்பாலும் வெடித்த ஹோஸ், அல்லது கழற்றியதையே திரும்பப் போட்ட காப்பர் வாஷர். உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் இல்லை என்பதை நம்பாதீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் திணறினால் எலக்ட்ரிக் பம்ப் போடுங்கள். 60–75 குதிரைத்திறன் எஞ்சின் முழு லோடிலும் மணிக்குச் சுமார் 12–16 லிட்டர்தான் எரிக்கும். ரிட்டர்ன் போவதையும் சேர்த்து, மணிக்கு 100 லிட்டர் அளவுள்ள பம்ப் தாராளம். கவனிக்க வேண்டியது அழுத்தத்தை: 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். பழைய பார்ட்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் பம்பைப் போடவே கூடாது. அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். ரோட்டரி பம்பின் ஷாஃப்ட் சீல் பிய்யும். உள் அழுத்தம் ஏறி டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) முன்னால் போய், எஞ்சின் தட்டும். பல எஞ்சின்களில் கசிந்த டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறி டீசல் வாடை அடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பம்ப் நின்றுபோனாலும் தன் வழியே டீசலை விடுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அது பழுதாகும் இடத்தில் வண்டியும் நிற்கும். தள்ளுவதில்தான் அதற்குப் பலம், உறிஞ்சுவதில் இல்லை. ஆகவே இடம் டேங்குக்குப் பக்கத்தில், சேஸிஸின் உள்பக்கம், முடிந்தவரை டேங்கின் அடிமட்டத்துக்கே. சைலன்சர் பைப்பை விட்டுத் தள்ளி, ரப்பர் புஷ் வைத்துப் பிடியுங்கள். அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். பம்புக்கு முன்னால் கம்பிவலைச் சல்லடை மட்டும் போதும். நைஸ் ஃபில்டரை அங்கே வைத்தால் புதுப் பம்புக்கும் மூச்சு முட்டும். டீசலுக்கென்றே உள்ள ரப்பர் ஹோஸ் போடுங்கள். சோதனைக்குப் போட்ட கண்ணாடி டியூப் நாளாக நாளாக விறைத்து வெடிக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

வயரிங்கை பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். இக்னிஷன் வயரிலிருந்து பம்புக்கு நேராகக் கரன்ட் எடுக்காதீர்கள், ரிலே அவசியம். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து பம்புக்கு, இக்னிஷன் 86-க்கு, 85 எர்த். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். 85-ஐ எர்த் செய்யும் வழியில், ஆயில் பிரஷர் வந்தால் இணைகிற சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வோம். விபத்தில் எஞ்சின் நின்று சாவி ஆனிலேயே இருந்தால், உடைந்த பைப்பிலிருந்து பம்ப் டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டு ஆயில் விளக்கின் சுவிட்ச் இதற்கு ஆகாது. அது பிரஷர் இல்லாதபோது இணைவது. ஏர் எடுக்கும்போது (பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) மட்டும் பம்பை ஓட்ட, அந்த சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு புஷ் பட்டன் வையுங்கள். பட்டனை அழுத்தியபடி ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினால் முதலில் நுரை வரும். நுரை நின்று கம்பி மாதிரி டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

கேள்வி: என் பிக்கப் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). இதிலும் பெரிய பம்ப் போட்டால் பவர் கூடுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூடாது. எவ்வளவு டீசல் என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. தீர்மானிக்கிறது. தாழ்வழுத்தப் பக்கம் பற்றாக்குறை இருந்தால் பவர் குறையும், உபரியாகக் கொடுத்தால் ரிட்டர்னில் திரும்பிவிடும். ஸ்கேனரில் பி0087, அதாவது ரெயில் அழுத்தம் குறைவு என்று வந்தாலும் முதலில் ஃபில்டர், டேங்க் சல்லடை, காற்றுக் கசிவு மூன்றையும் பாருங்கள். பம்ப் பழுதென்றால் அதே மாடலுக்கான பம்ப்தான் போட வேண்டும். பழைய வண்டியில் செய்கிறமாதிரி, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் இதில் உயிருக்கு ஆபத்து. 1,000 பாருக்கு மேல் வரும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர் வரிசையாக உள்ள வகை) வண்டி. காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஃபீட் பம்பை மாற்றிவிடலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்ன பம்ப்) இறுகும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் அதுதான் காரணம். ஃபீட் பம்பில் உள்ள இரண்டு வால்வுகள், ஸ்பிரிங், வாஷர்கள் ரிப்பேர் கிட்டாகவே கிடைக்கும். வால்வு உட்காரும் இடத்தில் கோடு விழுந்திருந்தால் மட்டும் முழுப் பம்பையும் மாற்றுங்கள்.