கொள்வனை இல்லை என்றால் உறவும் இல்லையா?

கேள்வி: என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருடம் ஆகிறது. “அவரை மறுபடி பார்ப்பேன்” என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். உடனே மூப்பர் ஒருவர், “பரலோகத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. மத்தேயு 22:30, ஏசாயா 65:17 இரண்டையும் வாசியுங்கள். இயேசு இருக்கிற இடத்தில் கணவரைத் தேடுவது விக்கிரகாராதனை” என்றார். அப்படித்தானா? தினமும் அவர் போட்டோவிடம் பேசுகிறேன், அவருக்குக் கேட்குமா? இன்னொன்று: வரப்புத் தகராறில் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்த அவருடைய அண்ணனும் விசுவாசிதான். அவரோடும் அங்கே உட்கார வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: மூப்பர் சொன்ன இரண்டு வசனங்களும் வேதத்தில் இருக்கின்றன. அவர் சொன்ன கருத்துதான் இரண்டிலும் இல்லை.

மத்தேயு 22-ல் இயேசுவிடம் வந்த சதுசேயர், உயிர்த்தெழுதலே கிடையாது என்று சாதித்தவர்கள் (அப்போஸ்தலர் 23:8). பிள்ளையில்லாமல் இறந்தவனுடைய மனைவியை அவன் சகோதரன் சேர்த்துக்கொண்டு, இறந்தவன் பேருக்கு ஒரு வாரிசு உண்டாக்க வேண்டும் என்று உபாகமம் 25-ல் ஒரு கட்டளை உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரே பெண்ணை ஏழு சகோதரர்களுக்கு வரிசையாகக் கட்டிவைத்து, “உயிர்த்தெழுதலில் இவள் யாருக்கு மனைவி?” என்று மடக்கப் பார்த்தார்கள். ஏழு முறை விதவையானவளின் துக்கம் அந்தக் கேள்வியில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

“உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை”, அதாவது பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை என்பது அதற்கு வந்த பதில். காரணத்தை லூக்கா சேர்த்துச் சொல்கிறார்: அவர்கள் இனி மரிக்கமாட்டார்கள் (20:36). சாவே இல்லாத இடத்தில் செத்தவன் பேருக்கு வாரிசு தேட வேண்டிய தேவை என்ன? ஆகவே முடிவது மணவுறவு என்கிற ஏற்பாடு. அவளுக்கு அந்த ஏழு பேரையும் அடையாளம் தெரியாது என்று இயேசு சொல்லவில்லை. தேவதூதரைப்போல் இருப்பார்கள் என்றாரே தவிர, தேவதூதர்களாக மாறிவிடுவார்கள் என்றும் சொல்லவில்லை. (அடக்க ஆராதனைகளில் “நம் சகோதரர் இன்று ஒரு தேவதூதர்” என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க.)

அதே பதிலை இரண்டு வசனம் தள்ளி வாசியுங்கள். “நான் ஆபிரகாமின் தேவனும், ஈசாக்கின் தேவனும், யாக்கோபின் தேவனுமாயிருக்கிறேன்” என்று தேவன் மோசேக்குச் சொன்னதை எடுத்துக்காட்டி, அவர் ஜீவனுள்ளோருக்குத் தேவன் என்கிறார் இயேசு. இறந்து பல தலைமுறை கழித்தும் தேவன் அவர்களைப் பேர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார். அதுவும் யாரை? தகப்பனை, மகனை, பேரனை. உறவுகள் அழிந்துபோகும் என்பதற்கு இந்தப் பகுதியையா சாட்சிக்குக் கூப்பிடுவது?

ஏசாயா 65:17 இன்னும் எளிது. “முந்தினவைகள் இனி நினைக்கப்படுவதுமில்லை” என்ற அந்த வரிக்கு முந்தின வசனத்திலேயே மறக்கப்படுவது எது என்று எழுதியிருக்கிறது: “முந்தின இடுக்கண்கள்.” மறைவது பட்ட பாடு, கூடப் பட்டவர்கள் அல்ல. வெளிப்படுத்தல் 6:10-ல் பலிபீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகள், பூமியில் தங்களுக்கு நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் “எதுவரைக்கும்?” என்று தேவனைக் கேட்கிறார்கள். ஞாபகமே அழிந்துபோனவர்கள் அப்படிக் கேட்க முடியாது.

அடையாளம் தெரியும் என்பதற்கு ஆதாரம் எது? பலர் முதலில் நீட்டுவது 2 சாமுவேல் 12:23, “நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை” என்று இறந்த குழந்தையைப் பற்றி தாவீது சொன்னது. ஆறுதலான வாக்கியந்தான். ஆனால் “நானும் ஒருநாள் சாவேன்” என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கவும் இடமுண்டு. முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம். லூக்கா 16-ல் ஐசுவரியவானும் லாசருவும் வரும் கதையும் உவமைதான். அதிலிருந்து மறுமைக்கு வரைபடம் போடக் கூடாது.

உறுதியான ஆதாரம் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே. நம்முடைய சரீரம் அவருடைய மகிமையான சரீரத்துக்கு ஒப்பாகும் என்று பிலிப்பியர் 3:21 சொல்கிறது. அந்தச் சரீரம் எப்படி இருந்தது? கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. பொரித்த மீனைச் சீஷர்கள் கண்முன் சாப்பிட்டது. “மரியாளே” என்று கூப்பிட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எம்மாவுக்குப் போன சீஷர் இருவர் வழியில் கூட நடந்த அவரை அறியவில்லையே என்று மூப்பர் கேட்கலாம். லூக்கா 24:16 அவர்கள் கண்கள் மறைக்கப்பட்டிருந்தன என்கிறது. அறியாமல் போனதற்குத்தான் அங்கே தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

விக்கிரகாராதனை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். துக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தகாத பேச்சு அது. ஏதேனில் பாவம் இல்லை, தேவனோடு ஆதாமுக்குத் தடையும் இல்லை. அந்த நிலையில்தான் “மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல” என்று தேவனே சொன்னார் (ஆதியாகமம் 2:18). தெசலோனிக்கேயாவில் இறந்தவர்களுக்காகக் கலங்கியவர்களுக்குப் பவுல் எழுதும்போது, “அவர்களோடேகூட” எடுத்துக்கொள்ளப்பட்டு “எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்” என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார் (1 தெசலோனிக்கேயர் 4:17). 3-ம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது, பெற்றோரும் சகோதரரும் பிள்ளைகளும் அங்கே பெருங்கூட்டமாய் நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தன் சபையைத் தேற்றினார் ஆயர் சிப்ரியான். அவரை விக்கிரகாராதனைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. 258-ல் இரத்தசாட்சியாக மரித்தவர் அவர்.

13-ம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை எடுத்து அளந்து பதில் சொன்னார். ஒரே ஓர் ஆத்துமா மட்டும் தேவனை அனுபவித்தாலும் அதன் பேரின்பத்தில் குறை இராது. ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்தால், தேவன்மேலுள்ள நிறைவான அன்பிலிருந்தே அவர்மேலும் அன்பு பிறக்கும் என்றார். இதில் உங்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, சகோதரி. நீங்கள் எழுதிய பரலோகத்தில் கணவர் இருக்கிறார், கணவரின் அண்ணன் இருக்கிறார், தேவனைக் காணோம். “அவருடைய சமுகத்தைக் காண்பார்கள்” என்பதுதான் வெளிப்படுத்தல் 22:4 வைக்கும் நம்பிக்கை. அந்த நகரத்தில் தேவாலயம்கூடக் கிடையாது, தேவனே அங்கிருப்பதால். உங்கள் கணவரை நீங்கள் சந்திப்பது அந்த வெளிச்சத்தில்தான். மூப்பர் இதைச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

போட்டோ விஷயம். அவருக்குக் கேட்கிறது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. எபிரெயர் 12:1-ன் “மேகம்போன்ற இத்தனை திரளான சாட்சிகள்” என்பதைக் காட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். முந்தின அதிகாரத்தைப் படித்தால், விசுவாசத்துக்குத் தங்கள் வாழ்க்கையால் சாட்சி சொன்னவர்கள் அவர்கள் என்பது தெரியும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பரிசுத்தவான்களிடம் பரிந்துபேசக் கேட்கிறார்கள். நம் சபைகளில் அந்த வழக்கம் இல்லை. தன்னையறியாமல் “பார்த்தீங்களா” என்று போட்டோவைப் பார்த்துச் சொல்வது பாவமாகிவிடாது, பல வருடப் பழக்கம் அது. ஆனால் பதில் எதிர்பார்ப்பது, வழிநடத்தச் சொல்லிக் கேட்பது, கனவில் வந்து சொன்னார் என்று முடிவெடுப்பது, இவை வேறு. செத்தவர்களிடம் குறிகேட்பதை உபாகமம் 18:11 தடுக்கிறது, அதற்குப் போகிற பாதை அது. அவரிடம் சொல்ல நினைப்பதை அவரைத் தந்த தேவனிடம் அவர் பேரைச் சொல்லியே சொல்லுங்கள். கல்லறைக்குப் பூ வைக்கப் போவதிலும் குற்றமில்லை.

அவர் இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறார். அவருடைய சரீரம் இன்னும் எழும்பவில்லை. நம்மையல்லாமல் அவர்கள் பூரணராவதில்லை என்கிறது எபிரெயர் 11:40. காத்திருப்பது நீங்கள் மட்டும் அல்ல.

கடைசியாக அந்த அண்ணன். ஆம், உட்கார வேண்டும். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து பந்தியிருப்பார்கள் என்று இயேசு சொன்னபோது (மத்தேயு 8:11), இடம் ஒதுக்கும் பொறுப்பை நம்மிடம் தரவில்லை. நம்மிடம் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் சாட்சி: அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. அடக்கத்தில் “அக்கரையில் சந்திப்போம்” என்று பாடுகிறவர்களே இக்கரையில் வேலி போடுகிறார்கள்.

அந்தப் பந்தியில் பகை இருக்காது. உங்களுடையதும் தீர்ந்திருக்கும், அவருடையதும் தீர்ந்திருக்கும். ஆனால் அவர் உயிரோடிருக்கிறார், அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ. மத்தேயு 5:23-24 காணிக்கைக்கு முன் ஒப்புரவாகச் சொல்கிறது. அதற்காக நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு வக்கீல்கள் கையில் நடக்கட்டும். சர்வேயர் அளந்து கல் போட்டதை இரண்டு பேரும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரு வீட்டுக்கும் வேண்டிய ஒருவரையும் போதகரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். முதல் பேச்சில் வரப்பை எடுக்காதீர்கள். தம்பியைப் பறிகொடுத்தவர் அவர், அதை விசாரியுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால், “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்ற ரோமர் 12:18-ன் அளவோடு உங்கள் பங்கு முடிந்தது.