மருந்துப் பெட்டி: 200 பெரிதா, 130 பெரிதா?

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஃபார்மசி பேராசிரியர்

கேள்வி: படர்தாமரைக்கு முன்பு தினம் இட்ராகொனசோல் 200 மி.கி. போட்டேன். சரியாகவில்லை. இப்போது வேறு டாக்டர் அதையே 130 மி.கி., ‘சூப்பர் பயோஅவைலபிள்’ என்று எழுதியிருக்கிறார். டோஸ் குறைந்துவிட்டதே, பழையதையே வாங்கலாமா? நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோலும் போடுகிறேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். டோஸ் குறையவில்லை. அட்டையில் இருப்பது நீங்கள் விழுங்கும் அளவுதான்; ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறு கணக்கு. ‘சூப்பர் பயோஅவைலபிள்’ என்றால் ரத்தத்தில் கூடுதலாகச் சேரும்படி செய்தது என்று அர்த்தம். இட்ராகொனசோல் கரைய அடம்பிடிக்கும் மருந்து. லேபில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்: பீக்கர் தண்ணீரில் பொடியைத் தூவினால் மேலேயே மிதந்துகொண்டு பல்லிளிக்கும். கரையாதது குடல் சுவரைத் தாண்டாது, மலத்தோடு போய்விடும்.

பழைய கேப்சூலுக்குள் ஜவ்வரிசி மாதிரி குட்டி உருண்டைகள் இருக்கும். நடுவில் சர்க்கரை மணி. அதன்மேல் மருந்தையும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரையும் ஒன்றாகக் கரைத்துத் தெளித்திருப்பார்கள். மருந்து படிகமாகக் கட்டிக்கொள்ளாதபடி பாலிமர் பிரித்து வைக்கும். அதனால் சுலபமாகக் கரையும். ஆனால் அதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். உங்கள் பான்டோபிரசோல் குறைப்பது அந்த அமிலத்தைத்தான். முதல் சுற்றில் அரிப்பு அடங்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

புதியதில் பாலிமர் ஹைப்ரோமெல்லோஸ் தாலேட். அது வயிற்றில் கரையாது, குடலுக்குப் போய்த்தான் கரையும். அமிலத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை, உறிஞ்சலும் கூடுதல். அதனால்தான் இதில் 65 மி.கி. பழைய 100-க்குச் சமம், 130 பழைய 200-க்கு. சாப்பிட்டவுடன் போடுங்கள். கடையில் ‘ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்’ என்று 100 மி.கி. அட்டையை நீட்டினால், டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்று எழுத விட்டுவிட்டீர்கள். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் போடுபவரா? இதயச் செயலிழப்பு உண்டா? இரண்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் 160 மி.கி.-ஐ 145 ஆக மாற்றிவிட்டார்கள். இதுவும் அதே கதையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கிட்டத்தட்ட. இங்கே பாலிமர் வித்தை இல்லை. மருந்தை நானோ அளவுக்கு அரைத்துவிடுகிறார்கள். துகள் சிறுத்தால் பரப்பு கூடும், சீக்கிரம் கரையும். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம்.

கேள்வி: மிளகு சேர்த்தால் மஞ்சள் மாத்திரைக்கு 20 மடங்கு சக்தியாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் வந்த எண் அது. மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு, மிளகில் உள்ள பைப்பரின் 20 மி.கி. கொடுத்தார்கள், ரத்தத்தில் சேர்ந்தது 2000 சதவீதம் கூடியது. குர்குமின் மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்ததோ ஏறக்குறைய ஒன்றுமில்லை! நோய் குணமானதா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. மிளகு குர்குமினைக் கரைப்பதும் இல்லை. உடம்பு அதை மாற்றி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. வேறு மருந்துகளிலும் கை வைக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் போடுபவர்கள் பைப்பரின் மாத்திரை பக்கம் போகவேண்டாம். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்படத் தேவையில்லை.