குக்கரில் நாய்க்குச் சமைத்தால் எலும்பை என்ன செய்வது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, எடை 15 கிலோ. இதுவரை பால் சோறும், மிஞ்சிய மீன் குழம்புச் சோறும்தான். இனி கோழிக் கழுத்து, எலும்பு, அரிசி எல்லாவற்றையும் குக்கரில் வைத்துக் கொடுக்கலாமா? எத்தனை விசில் விட்டால் எலும்பு மெத்தென்று ஆகும்?

பதில்: கோழி எலும்பை விசில் கணக்கை நம்பிக் கொடுக்க வேண்டாம். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். எலும்பின் முனைகள் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் கால், இறக்கை எலும்புகளின் நடுத்தண்டு உறுதியாகவே நிற்கலாம், கடித்தால் கூராகப் பிளக்கும். அது தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவை சிகிச்சை வரை போய்விடும். கழுத்தும் எலும்பும் தாராளமாக வாங்குங்கள். வெந்து ஆறியதும் சதையைக் கையால் உதிர்த்து எடுத்துக்கொண்டு, எலும்பை நாய்க்கு எட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள்.

அப்போது ஒரு குறை வருகிறது: கால்சியம். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பு வெந்த சாற்றில் அது இறங்கியிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள், இறங்குவது சொற்பம்தான். மாதக்கணக்கில் இப்படியே போனால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். இதற்கு முட்டை ஓடே போதும். கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் போதும்.

துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் உங்களுக்கு இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. மத்தி! அதன் முள் மெல்லியது, குக்கரில் உண்மையிலேயே கரையும். டின் மீனை முள்ளோடு சாப்பிட முடிவதும் இதனால்தான். குடலை நீக்கிய மீனை, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 40 நிமிடம் விடுங்கள். நடுமுள்ளை விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக வேண்டும். ஆகாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள். அரிசியைத் தனியாக வேகவைத்துப் பிறகு பிசையுங்கள். முள்ளோடு மத்தி போடும் நாளில் ஓட்டுத்தூள் தேவையில்லை. பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள்: பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வெந்தால்தான் அது செயலிழக்கும். கெளுத்தி முள் இப்படிக் கரையாது, அது வேண்டவே வேண்டாம்.

அளவு: ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம், எலும்பு நீக்கிய கோழி அல்லது மத்தி 250 கிராம், பூசணியோ கேரட்டோ 100 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். விலா எலும்பு தடவினால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதைப் பார்த்து அரிசியைக் கூட்டிக் குறையுங்கள். ஈரல் வாரம் ஒரு துண்டு போதும், மிஞ்சினால் வைட்டமின் ஏ அளவு மீறும்.

மீன் குழம்புச் சோற்றை இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. ஈறு வெளுத்தோ சிறுநீர் கருத்தோ தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

புது உணவை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பால் சோற்றோடு கலந்து மாற்றுங்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வெந்த சோற்றை வெளியே விட்டுவைக்கக் கூடாது. ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை இந்தச் சாப்பாட்டில் முழுதாகக் கிடைக்காது. அதனால் நிரந்தரமாக இதையே கொடுப்பதென்றால் ஒரு சத்துக் கலவை அவசியம். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ எடையைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி, சினை நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது.