நாலாவது நாய்

கேள்வி: எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்குப் பத்து மாதம். ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. செருப்பு, தென்னங்கன்று எதுவும் மிஞ்சவில்லை. வெளிநாட்டில் நாய்கள் அணி அணியாகத் தடை தாண்டிப் பந்து எடுத்து வரும் ஃப்ளைபால் வீடியோ பார்த்தேன். நண்பர்களிடம் ஒரு ராஜபாளையமும் ஒரு லாப்ரடாரும் இருக்கின்றன. பக்கத்துத் தெருப் பையன் தன் குட்டை நாட்டு நாயையும் சேர்க்கச் சொல்கிறான். அது எங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதற்குப் பதில் இன்னொரு சிப்பிப்பாறை வாங்கலாமா? அறுப்பு முடிந்த வயலில் பழக்கலாமா?
- ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: இன்னொன்றா? இருக்கும் நாய்க்கே வேலை இல்லாமல்தானே அது தென்னங்கன்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறது!

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி மறுபடி பாருங்கள். அணிக்கு நாலு நாய்; இரண்டு அணிகள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் போட்டி போடும். புறப்படும் கோட்டிலிருந்து பெட்டி வரை 51 அடி, நடுவில் நாலு தடை. நாய் நாலையும் தாண்டிப் போய்ப் பெட்டியின் சாய்வுப் பலகையை மிதித்தால் டென்னிஸ் பந்து துள்ளி வரும். அதைக் கவ்விக்கொண்டு அதே நாலு தடைகளையும் தாண்டித் திரும்ப வேண்டும். அது கோட்டுக்கு வந்தால்தான் அடுத்த நாய் கோட்டைத் தாண்டலாம். பந்தை வழியில் போட்டாலோ, தடையைச் சுற்றிக்கொண்டு வந்தாலோ, கடைசியில் மறுபடி ஓட வேண்டும். 1970-களில் கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஆட்டம் இது. நல்ல அணிகள் நாலு நாய்களையும் சேர்த்து 20 நொடிக்குள் முடித்துவிடுகின்றன.

இதில் பாதி ஆட்டம் திரும்பி வருவது. கபடியில் பாடிப் போனவன் கோட்டுக்குத் திரும்பாவிட்டால் புள்ளி ஏது? உங்கள் சிப்பிப்பாறையின் உடம்பு வெட்டவெளியில் முயலைக் கண்டு நீட்டி ஓட அமைந்தது. 51 அடியில் அது ஓட்டம் பிடிப்பதற்குள் பெட்டி வந்துவிடும். வரப்பில் கீரிப்பிள்ளை ஒன்று தலைகாட்டினால் பந்தையும் மறக்கும், உங்களையும் மறக்கும். ராஜபாளையம் காவல் புத்தி உள்ளது. பக்கத்துத் தடத்தில் அந்நிய நாய் குரைத்துக்கொண்டு ஓடும்போது தன் தடத்தை விடாதிருக்க அதைப் பொறுமையாகப் பழக்க வேண்டும். கவ்வியதைக் கொண்டுவந்து கொடுக்கவே வளர்க்கப்பட்ட இனம் லாப்ரடார். உங்கள் அணியில் பிறவியிலேயே வேலை தெரிந்தது அது ஒன்றுதான்.

இனி, நீங்கள் கழற்றிவிடப் பார்க்கும் குட்டை நாய். தடையின் உயரம் எல்லா அணிக்கும் ஒன்றல்ல. ஓடும் நாலில் எது குள்ளமோ, அதன் அளவுக்குத்தான் தடைகளை வைப்பார்கள். அதற்கும் கீழ் எல்லை, மேல் எல்லை உண்டு. குட்டை நாய் ஒன்று இருந்துவிட்டால் மற்ற மூன்றும் எம்பிக் குதிக்கவே வேண்டாம். ஓட்டத்தோடு ஓட்டமாகக் கடந்துவிடும். இதற்காகவே அங்கே அணிகள் சின்ன நாயைத் தேடுகின்றன. உங்களுக்கு அது பக்கத்துத் தெருவிலிருந்து தானாக வருகிறது, வேண்டாம் என்கிறீர்கள்! காசு கொடுத்து இன்னொரு சிப்பிப்பாறையை வாங்கினால் தடையும் கூடவே உயரும். நாட்டு நாய், கலப்பினம் என்று அந்த ஆட்டத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை. நீடாமங்கலத்தில் மட்டும் எதற்கு?

பத்து மாதக் குட்டிக்கு இப்போது தடையே வேண்டாம். எலும்பு இன்னும் முற்றவில்லை; ஒரு வயதாவது தாண்டட்டும். அதுவரை கூப்பிட்டால் வரப் பழக்குங்கள். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே எதிர்ப்பக்கம் ஓடுங்கள். விட்டதும் அது உங்களைத் துரத்தும். வந்து சேர்ந்ததும் அவித்த கோழி ஒரு துண்டு. துரத்தும் குணத்தை அடக்குவதைவிட உங்கள் பக்கம் திருப்புவது சுலபம். ஃப்ளைபால்காரர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

வயலைப் பற்றிக் கேட்டதைப் பார்த்தால் வீட்டில் விவசாயம் இல்லை போலிருக்கிறது. சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். நீங்கள் காலி என்று நினைக்கும் இடத்தில் பயிர் முளைத்துக்கொண்டிருக்கும். நாலு நாய்களோடு இறங்கினால் வயல்காரர் உங்களைத்தான் விரட்டுவார். தரிசாகவே கிடந்தாலும் அறுத்த தாள் காலைக் குத்தும், வெடிப்பில் கால் மாட்டும். சிமென்ட் களத்தில் குதிக்கவிட்டால் மூட்டு போய்விடும். அனுமதி வாங்கிக்கொண்டு புல் உள்ள பள்ளி மைதானத்துக்குப் போங்கள்.

கோடையில் விடிகாலை மட்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. பந்து ஆசை பிடித்த நாய் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஆடி முடித்ததும் வாய்க்காலில் இறக்கிவிடுவீர்கள், தெரியும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது இதற்கான தடுப்பூசியையும் கேளுங்கள். உரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாலையும் அங்கே காட்டுங்கள், லாப்ரடாரின் இடுப்பு மூட்டைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்; அந்த இனத்துக்கு அங்கே கோளாறு வருவது சகஜம்.