ஸ்கேனில் பித்தப்பைக் கல்: ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமம். விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். ஆறு மாதமாக அவ்வப்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கிறது, வலது தோள்பட்டை வரை இழுக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர், கேஸ் மாத்திரை என்று ஓட்டினேன். போன மாதம் கறிக்குழம்பு சாப்பிட்ட ராத்திரி மூன்று மணி நேரம் புரண்டு துடித்தேன். ஸ்கேனில் பித்தப்பையில் 8 மி.மீ. கல் என்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார் நாத்தனார். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?
வாசகி, தேனி மாவட்டம்

மருத்துவர் பதில்: அம்மா, அந்த ராத்திரி நீங்கள் பட்ட பாடு வாயு இல்லை. வாயு என்றால் ஏப்பம் விட்டால், மலம் கழித்தால் கொஞ்சமாவது இளகும். பித்தப்பை வலி அப்படி இளகாது. எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் ராத்திரியில் பிடிக்கும். அரை மணி முதல் சில மணி நேரம் வரை ஒரே இறுக்கமாக இருந்துவிட்டுத் தானாக விடும். வலது விலாவுக்குக் கீழோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கி முதுகுக்கும் வலது தோளுக்கும் போகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சாக அதுதான்.

ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. கொழுப்பு குடலுக்கு வந்ததும் அது சுருங்கிப் பித்தநீரை அனுப்பும். அப்போது உள்ளே கிடக்கும் கல் வாயை அடைத்துக்கொண்டால் வலி. கல் நகர்ந்துவிட்டால் வலி போய்விடும், கல் போகாது.

வாழைத்தண்டு விஷயத்தில் நாத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரகக் கல்லுக்கு நம் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பித்தப்பை சிறுநீர் போகும் பாதையிலேயே இல்லை. எவ்வளவு சாறு குடித்தாலும் அந்தக் கல்லைச் சிறுநீரோடு வெளியேற்ற முடியாது. கல்லைக் கரைக்க மாத்திரை ஒன்று உண்டு. சில வகைச் சின்னக் கற்களுக்கு மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதை 8 மி.மீ. என்ற அளவு தீர்மானிப்பதில்லை, வலிதான் தீர்மானிக்கிறது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்க் கல் தெரிந்தவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள், பெரும்பாலும் சும்மா இருக்கலாம். அவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் வலி தொடங்குகிறது. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பையின் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாவது, 1 செ.மீ. தாண்டிய சதைத் திரட்சி இருந்தால் வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்வோம். நீங்கள் அந்த முதல் கூட்டத்தில் இல்லை. ஆறு மாதமாக வலி வந்து வந்து போகிறது. ஒருமுறை வலி காட்டிய பித்தப்பை திரும்பவும் காட்டும். ஆகவே உங்களுக்கு ஆபரேஷன் தேவை. அவசரமாக அல்ல, தள்ளிப்போடாமல்.

ஒரு கவலை எனக்கு உண்டு. வலி வரும் நேரம் நீங்கள் மலைமேல் தோட்டத்தில் இருக்கலாம். சாயங்கால ஜீப் வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் நம் தோட்டத் தொழிலாளர்களிடம் இருக்கிறது. வலி ஐந்தாறு மணி நேரம் விடாமல் இருந்தால், காய்ச்சல் வந்தால், குளிரில் உடம்பு நடுங்கினால், வாந்தி நிற்காவிட்டால், வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போனால், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கட்டன்சாயா நிறத்துக்கு மாறினால் காத்திருக்கக் கூடாது. நெடுங்கண்டமோ கட்டப்பனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். மேலே, கேரளப் பக்கம், மலையாளத்தில் 'பித்தாசயம்' என்பார்கள், அதே பித்தப்பைதான். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு ஒரு வாரம் பத்தியம் இருக்கிறார்கள். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்ததால் வந்த காமாலைக்கு அந்த ஒரு வாரம் உயிருக்கே ஆபத்து. குழாயில் சீழ் பிடிக்கும், கணையம் வீங்கும். அப்போது எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயிலிருந்து கல்லை எடுத்த பிறகுதான் பித்தப்பைக்கு வர முடியும். காமாலை இல்லாமல், பித்தப்பை மட்டும் வீங்கிச் சேர்க்கப்பட்டால், முன்பு மாதிரி ஆறு வாரம் காத்திருக்காமல் முதல் சில நாளிலேயே எடுத்துவிடுவதுதான் இப்போது நல்லது என்கிறோம்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். பை இருந்தால் மறுபடி கல் சேரும். பை இல்லாவிட்டாலும் ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும், அது நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் மலம் இளகிப் போகும், அவ்வளவுதான். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள், மயக்க மருந்து. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். பித்தக்குழாயில் காயம் படும் அபாயம் உண்டு, அரிதுதான். ஒட்டுதல் அதிகமாக இருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். இரண்டையும் டாக்டரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு வருவோம். வீட்டு வேலை ஒரு வாரம், பத்து நாளில் முடியும். சரிவில் ஏறி இறங்கவும் மூட்டை தூக்கவும் மூன்று, நான்கு வாரம் ஆகட்டும். திறந்து செய்தால் ஆறு வாரம். காய் பறிப்பு மும்முரமாகும் முன்பே நாள் குறித்துக்கொண்டால் கூலி இழப்பு குறையும்.

அதுவரை பொரித்தது, கறிக்கொழுப்பு, பரோட்டா குறைவாக. பட்டினி வேண்டாம், அதுவும் கல்லைச் சேர்க்கும். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போங்கள். ஈரல் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, இசிஜி மூன்றும் எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்குழி வலி சில சமயம் இதயத்திலிருந்தும் வரும், அதனால் இசிஜியை விட்டுவிட வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்த முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.